புதுப் பவளத் தொட்டியில் பாசி: சைக்கிளிங் நாட்களில் திரும்பத் திரும்ப வரும் கேள்விகள்

கடல்நீர்த் தொட்டி வைத்த நண்பர்களிடமிருந்து மூன்றாவது வாரத்துக்கும் மூன்றாவது மாதத்துக்கும் நடுவில் ஏதோ ஒரு நாள் எனக்கு ஒரு படம் வரும். மணல் பழுப்பாக இருக்கும், இல்லையென்றால் கல்லிலிருந்து பச்சை முடி தொங்கும். படத்துக்குக் கீழே பெரும்பாலும் ஒரே வரிதான்: "நான் என்ன தப்பு பண்ணேன்?" பல நேரம் எந்தத் தப்பும் நடந்திருக்காது. ஆனால் படத்தைப் பார்த்துப் பதறி அவர்கள் அடுத்த வாரம் செய்கிற காரியங்களால்தான் உண்மையான தொல்லை ஆரம்பிக்கிறது. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக எழுதிய பதில்களை இங்கே ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன். கேள்விகளை அவர்கள் கேட்ட விதத்திலேயே விட்டிருக்கிறேன்.

சைக்கிளிங், சைக்கிளிங்னு சொல்றீங்களே, அந்த சமயத்துல தொட்டிக்குள்ள என்னதான் நடக்குது?

மீன் கழிவு, மிஞ்சிய தீனி, கல்லுக்குள் செத்துப்போன புழு என்று எது அழுகினாலும் அம்மோனியா வரும். ஒரு வகை நுண்ணுயிர்கள் அதை நைட்ரைட்டாக மாற்றும். இன்னொரு வகை நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றும். இந்த இரண்டு கூட்டமும் தொட்டியின் சுமையைத் தாங்கும் அளவுக்குப் பெருக ஆகும் காலத்தைத்தான் சைக்கிளிங் என்கிறோம். உலர்ந்த கல்லோடு தொடங்கினால் பெரும்பாலும் 4 முதல் 6 வாரம் பிடிக்கும். கடலிலிருந்து ஈரம் காயாமல் வந்த நல்ல லைவ் ராக் (உயிர்கள் ஒட்டியிருக்கும் கல்) இருந்தால் அதைவிடச் சீக்கிரம் முடியும்.

முடிந்ததா என்பதைச் சோதனை செய்துதான் சொல்ல முடியும். 2 பிபிஎம் (பத்து லட்சத்தில் இரண்டு பங்கு) அளவுக்கு அம்மோனியா விட்டு, 24 மணி நேரம் கழித்துப் பார்க்கும்போது அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யமாக இருந்தால் முடிந்தது. இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், பின்னால் தேவைப்படும். இந்த நுண்ணுயிர்கள் தண்ணீரில் மிதந்து திரிபவை குறைவு. பெரும்பாலானவை கல்லிலும் மணலிலும் ஒட்டிக்கொண்டுதான் வாழ்கின்றன.

முதல் வாரத்துலயே தண்ணி பால் கலந்த மாதிரி ஆயிடுச்சு. இதுவும் பாசியா?

இல்லை, இது நுண்ணுயிர்ப் பெருக்கம். தண்ணீரில் கிடைக்கும் கரிமப் பொருளைத் தின்று மிதக்கும் பாக்டீரியாக்கள் ஒரே நேரத்தில் பெருகியதால் வந்த கலங்கல். உலர்ந்த கல்லின் மேல் சளி போல வெள்ளையாகப் படிவதும் இதே வகைதான். மீன் இல்லாத தொட்டியில் எதுவும் செய்ய வேண்டாம், சில நாளில் தானே தெளியும். தண்ணீரின் மேற்பரப்பு நன்றாக அசையும்படி பம்பைத் திருப்பி வையுங்கள், ஆக்சிஜன் குறையாமல் இருக்கும்.

சைக்கிளிங்ல பாசி வர்றது கெட்ட அறிகுறியா?

உழுத நிலத்தை ஒரு மழைக்கு அப்படியே விட்டால் முதலில் முளைப்பது களைதான். புதுத் தொட்டியும் அப்படிப்பட்ட வெற்று நிலம்தான். கல், மணல், கண்ணாடி எல்லாம் காலியாகக் கிடக்கின்றன, யாரும் பட்டா போடவில்லை. வேகமாக வளரக்கூடியவை முதலில் வந்து உட்காரும். மெதுவாக வளரும் நல்ல குடிகள் பின்னால் வந்து அவற்றை நெருக்கித் தள்ளும்.

பெரும்பாலும் முதலில் டயாட்டம் என்ற பழுப்பு நுண்பாசி வரும். அப்புறம் கண்ணாடியில் பச்சைப் படலம், கல்லில் பச்சை முடி, சில தொட்டிகளில் சிவப்புச் சளி. கடைசியாக ஊதா நிற மேலோடு, அதாவது கல்லில் ஓடு போலப் படியும் கோரலைன் பாசி. இந்த வரிசை எல்லாத் தொட்டியிலும் அச்சு அசலாக இப்படியே வராது. ஒரு கட்டம் வராமலே போகலாம், இரண்டு சேர்ந்தும் வரலாம். இந்தக் காலத்தை அக்லி ஸ்டேஜ், அதாவது அசிங்கமான கட்டம், என்பார்கள். மூன்று மாதத்திலிருந்து ஆறு மாதம் வரை நீள்வது சாதாரணம்.

பழுப்புப் பாசி வந்துடுச்சு. அப்போ சைக்கிள் முடிஞ்சதுன்னு அர்த்தம்தானே?

அப்படி எடுத்துக்கொள்ளாதீர்கள். டயாட்டத்துக்கு வேண்டியது வெளிச்சம், கொஞ்சம் சத்து, கூடவே சிலிகேட், அதாவது நீரில் கரைந்த சிலிகா. இவை இருந்தால் அம்மோனியா 2 பிபிஎம்மில் நிற்கும்போதுகூட அது வளரும். பாசியை நம்பி மீன் விட்டவர்களின் மீன்கள் செத்திருக்கின்றன. முதல் பதிலில் சொன்ன 24 மணி நேரச் சோதனையைத்தான் நம்ப வேண்டும்.

மீனே விடல, தீனியும் போடல. பாசிக்குச் சாப்பாடு எங்கேர்ந்து வருது?

நான்கு வழிகள் உண்டு. முதலாவது கல். பவளக் கல் சுண்ணாம்பால் ஆனது, சுண்ணாம்பு பாஸ்பேட்டைப் பிடித்து வைத்துக்கொள்ளும். உலர்ந்த கல்லைத் தொட்டியில் போட்டதும் பிடித்து வைத்ததை மாதக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகக் கக்கும். சந்தேகம் இருந்தால் கல்லை ஒரு வாரம் வாளியில் உப்பு நீரில் ஊறவைத்து, அந்த நீரில் பாஸ்பேட் பாருங்கள். இரண்டாவது, அம்மோனியாவுக்காகத் தொட்டியில் போடும் செத்த இறால். அது அழுகும்போது அம்மோனியாவோடு பாஸ்பேட்டும் வருகிறது. அதனால்தான் நான் அம்மோனியம் குளோரைடு கரைசலைப் பரிந்துரைக்கிறேன், அதில் பாஸ்பேட் இல்லை. மூன்றாவது வழி, சில வகை மணல்.

நான்காவது தண்ணீர். மிக அதிகமாகக் கவனம் தப்புவது இதில்தான். தொட்டியிலிருந்து ஆவியாகிப் போவது வெறும் நீர் மட்டும். அதில் கரைந்திருந்தவை எல்லாம் உள்ளேயே தங்கிவிடும். தினமும் குழாய் நீரால் மட்டத்தை நிரப்பினால் சிலிகேட்டும் பாஸ்பேட்டும் நாளுக்கு நாள் சேர்ந்துகொண்டே போகும். ஆர்ஓ சவ்விலும், கரைந்த அயனிகளைப் பிடிக்கும் டிஐ பிசினிலும் வடிகட்டிய நீர்தான் வேண்டும்.

என் ஆர்ஓ டிஐ மீட்டர் ஜீரோ காட்டுது. அப்புறமும் டயாட்டம் ஏன்?

அந்த மீட்டர் டிடிஎஸ் மீட்டர், நீரில் கரைந்தவற்றின் அளவைக் காட்டுவது; ஆனால் மின்னூட்டம் உள்ள துகள்களைத்தான் எண்ணும். சிலிகா நீரில் பெரும்பாலும் மின்னூட்டம் இல்லாத சிலிசிக் அமிலமாகக் கரைந்திருப்பதால் மீட்டரின் கண்ணில் அது படாது. டிஐ பிசின் சிலிகாவை லேசாகத்தான் பிடித்திருக்கும். பிசின் தீரும் நேரத்தில் முதலில் நழுவி வெளியே வருவதும் அதுதான். மீட்டர் பூஜ்யம் காட்டும்போதே சிலிகா வந்துகொண்டிருக்கலாம். பிசின் போட்டு ரொம்ப நாளாகியிருந்தால் மாற்றிப் பாருங்கள். இல்லையென்றால் சிலிகேட் டெஸ்ட் கிட் வாங்கி நேரடியாகவே பார்த்துவிடலாம்.

லைட்டை எப்போ போடணும்?

நாம் வளர்க்க நினைக்கும் பாக்டீரியாக்களுக்கு வெளிச்சம் தேவையே இல்லை. கடும் வெளிச்சம் அவற்றை மந்தமாக்கக்கூட செய்யும். உலர்ந்த கல்லோடு தொடங்கியிருந்தால் சைக்கிள் முடியும்வரை விளக்கை அணைத்தே வையுங்கள். ஜன்னலிலிருந்து வெயில் விழுந்தால் ஒரு துணி போட்டு மறையுங்கள். லைவ் ராக்கில் ஊதா மேலோடோ சின்னப் பவளமோ ஒட்டி வந்திருந்தால் மட்டும் குறைந்த அளவில் தினமும் சில மணி நேரம் போடலாம்.

சைக்கிள் முடிந்த பிறகு ஒரு நாளைக்கு 6 மணி நேரம், குறைந்த அளவில் தொடங்குங்கள். வாரத்துக்கு வாரம் கொஞ்சம் கூட்டலாம். விளக்கு வாங்கிய முதல் நாளே முழு வீச்சில் விட ஆசை வரும். பவளமே இல்லாத தொட்டியில் அத்தனை வெளிச்சமும் பாசிக்குத்தான் போகும்.

அப்போ லைட்டே போடாம ரெண்டு மூணு மாசம் விட்டா அக்லி ஸ்டேஜ்ல இருந்து தப்பிச்சுடலாமே?

முழுதாகத் தப்ப முடியாது. ஆனால் ஓரளவு பலன் உண்டு. இருட்டிலேயே கல்லின் மேல் நுண்ணுயிர்ப் படலம் நன்றாகப் பிடித்துவிட்டால், விளக்கு போடும் நாளில் காலியிடம் குறைவாக இருக்கும். பாசி வரும், ஆனால் வேகம் குறையும். பொறுமை உள்ளவர்களுக்கு இது நல்ல வழி. அந்த மாதங்களிலும் கொஞ்சம் கொஞ்சம் தீனியோ அம்மோனியாவோ விட்டுக்கொண்டே இருக்க வேண்டும், இல்லையென்றால் வளர்த்த பாக்டீரியாக்கள் குறைந்துபோகும்.

நைட்ரேட் நூறுக்கு மேல காட்டுது! தண்ணி மாத்தணுமா?

முதலில் நைட்ரைட் எவ்வளவு என்று பாருங்கள். வீட்டில் பயன்படுத்தும் நைட்ரேட் கிட்டுகளில் பல, நைட்ரேட்டை நைட்ரைட்டாக மாற்றித்தான் நிறம் காட்டுகின்றன. நீரில் ஏற்கெனவே நைட்ரைட் இருந்தால் அதையும் சேர்த்து எண்ணிக் கன்னாபின்னாவென்று ஒரு அளவைக் காட்டும். நைட்ரைட் பூஜ்யமாகும்வரை நைட்ரேட் அளவுக்குப் பொருளே இல்லை.

சைக்கிளிங்கின் நடுவில் தண்ணீர் மாற்றினால் பாக்டீரியா போய்விடும் என்பது தவறான பயம், அவை கல்லில் இருக்கின்றன. ஆனாலும் பெரும்பாலும் மாற்ற வேண்டிய தேவை இருக்காது. அம்மோனியா 5 பிபிஎம்முக்கு மேல் ஏறிப்போனால் மட்டும் பாதி மாற்றிவிடுங்கள், அந்த அளவில் சைக்கிளே மந்தமாகலாம். சைக்கிள் முடிந்ததும் முதல் மீனுக்கு முன் ஒரு பெரிய மாற்றம் செய்தால் சேர்ந்துபோன நைட்ரேட் இறங்கும்.

மணல்ல பழுப்பு, கல்லுல பச்சை, ஓரத்துல சிவப்பு. எது எதுன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?

நிறம் பாதிதான் சொல்லும். மீதியைத் தொட்டுப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். ஊசி இல்லாத பெரிய சிரிஞ்ச் ஒன்றை எடுத்துத் தொட்டி நீரை உறிஞ்சி, அந்தப் பாசியின் மேல் லேசாகப் பீச்சுங்கள். தூசு போலப் புகைந்து பறந்தால் டயாட்டம். கண்ணாடியில் இருந்தால் விரலால் ஒரே இழுப்பில் வந்துவிடும், கையில் மாவு போல இருக்கும். அதன் ஒவ்வொரு செல்லையும் சுற்றிச் சிலிகாவால் ஆன கூடு உண்டு, முன்னால் சொன்ன சிலிகேட் அதற்குத்தான்.

பீச்சியதும் ஒரு விரிப்பு போல ஓரம் மடங்கித் துண்டு துண்டாகப் பெயர்ந்தால் சயனோ, முன்னால் சொன்ன சிவப்புச் சளி. பெரும்பாலும் கருஞ்சிவப்பு, சில சமயம் கரும்பச்சை. மேலே சின்னக் காற்றுக் குமிழ்கள் மாட்டிக்கொண்டிருக்கும், எடுத்து முகர்ந்தால் கெட்ட வாடை அடிக்கும். பாசி என்று பெயர் சொன்னாலும் இது பாக்டீரியாதான், வெளிச்சத்தில் தானே உணவு தயாரிக்கும் பாக்டீரியா. நீரோட்டம் எட்டாத மூலைகளில் முதலில் பிடிக்கும்.

பீச்சினாலும் அசைந்துவிட்டு அங்கேயே நின்றால், இழுத்தால் நார் போல வந்தால், முடிப் பாசி. இழை ஒவ்வொன்றும் பறவை இறகு போல இரண்டு பக்கமும் கிளைத்திருந்தால் அது பிரயாப்சிஸ், அதற்கு வைத்தியம் வேறு. பீச்சும்போது மூக்குச் சளி போல நீண்டு இழுபட்டு, நுனியில் குமிழோடு ஆடினால், அடுத்த கேள்வியைக் கட்டாயம் படியுங்கள்.

டயாட்டமா டைனோவா? பார்த்தா ரெண்டும் ஒரே மாதிரி இருக்கு அண்ணா.

இந்த இரண்டையும் மாற்றிப் புரிந்துகொண்டால் செலவும் வேதனையும் அதிகம், அதனால் நிதானமாகப் பார்ப்போம். டைனோ என்று சுருக்கமாகச் சொல்வது டைனோஃபிளஜெல்லேட் என்ற ஒற்றைச் செல் உயிரை. இதுவும் பழுப்புதான். மணலில் காலையில் கொஞ்சம்தான் இருக்கும், மாலைக்குள் தடித்துக் குமிழ் விடும், விளக்கணைத்ததும் பாதி மறைந்துபோகும். டயாட்டம் அப்படி இரவில் ஒளியாது. நத்தைகள் டயாட்டத்தை மேய்ந்து வழி வழியாகத் தடம் விட்டுப் போகும். டைனோ உள்ள தொட்டியில் அவை மேயாமல் சுருண்டு கிடக்கும், சில வகை டைனோ நஞ்சு கக்குவதால் செத்தும் போகும்.

வீட்டிலேயே செய்யக்கூடிய சோதனை ஒன்று உண்டு. பழுப்புச் சளியைச் சிரிஞ்சில் உறிஞ்சி, தொட்டி நீரோடு சின்னக் கண்ணாடிக் குப்பியில் விடுங்கள். மூடி, நன்றாகக் குலுக்குங்கள். இப்போது அதை டிஷ்யூ காகிதத்தில் வடிகட்டுங்கள். வடிந்த நீர் தெளிவாகத்தான் தெரியும். அந்தக் குப்பியை விளக்குக்கு அடியில் ஒரு மணி நேரம் வைத்துவிட்டு வந்து பாருங்கள். டைனோவாக இருந்தால், காகிதத்தின் துளைகள் வழியே நழுவிய தனித்தனிச் செல்கள் ஒன்றை ஒன்று தேடிப் பிடித்து மறுபடி பழுப்பு இழையாகத் திரண்டிருக்கும். நான் முதல்முறை இதைச் செய்தபோது, தெளிந்த நீருக்குள் சிலந்தி நூல் போல ஒன்று உருவாகி நுனியில் ஒரு குமிழை ஏந்திக்கொண்டு நின்றதை அசையாமல் பார்த்துக்கொண்டிருந்தேன். டயாட்டமாக இருந்தால் அப்படித் திரளாது.

நைட்ரேட் ஜீரோ, பாஸ்பேட் ஜீரோ. அப்புறம் எப்படிப் பாசி இப்படி வளருது?

கிட் காட்டுவது நீரில் மிச்சம் இருப்பதை மட்டும். பாசி தின்று முடித்தது கணக்கில் வராது. கல் பாஸ்பேட்டைக் கக்கக் கக்க, பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கும் முடிப் பாசி அதை நீருக்கு விடாமலே உறிஞ்சிக்கொள்ளும். கல் முழுக்கப் பச்சையாக இருந்து கிட் பூஜ்யம் காட்டினால், சத்து பாசிக்குள் இருக்கிறது என்று அர்த்தம். கையால் பிடுங்கி வெளியே எறியும் ஒவ்வொரு பிடிப் பாசியோடும் அந்தச் சத்தும் தொட்டியை விட்டுப் போகிறது.

சயனோ விஷயத்தில் இன்னொரு கணக்கும் உண்டு. அதில் சில வகைகள் நீரில் கரைந்துள்ள நைட்ரஜன் வாயுவையே பிடித்து உணவாக்கிக்கொள்ளும். நைட்ரேட் பூஜ்யமாகி மற்றவை பட்டினி கிடக்கும்போது அவற்றுக்கு மட்டும் கொண்டாட்டம்.

பாஸ்பேட் உறிஞ்சுற துகள் நிறையப் போட்டு சுத்தமா ஜீரோ பண்ணிட்டா பாசி பட்டினியில செத்துடுமே?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பேன் என்றால் இதைப் படியுங்கள். இரும்பு ஆக்சைடுத் துகள்கள், அதாவது ஜிஎஃப்ஓ, பாஸ்பேட்டை இழுப்பதில் கெட்டிக்காரத்தனமானவை. புதுத் தொட்டியில் அளவில்லாமல் போட்டால் ஓரிரு நாளில் பூஜ்யத்துக்குக் கொண்டுபோய்விடும். முடிப் பாசி மெலியும். காலியான அந்த இடத்தில், சத்தே இல்லாத நீரில் மற்றவற்றை முந்திப் பிழைக்கத் தெரிந்த டைனோ வந்து உட்காரும்.

என் இரண்டாவது தொட்டியில் இதுதான் நடந்தது. டயாட்டம் போய், இளம்பச்சை முடி கொஞ்சம் வந்தது. விட்டிருந்தால் நத்தைகள் தின்று தீர்த்திருக்கும். நான் ஜிஎஃப்ஓ போட்டேன், தண்ணீரையும் வாரம் இருமுறை மாற்றினேன். மூன்றாவது வாரம் மணல் மேல் பழுப்புச் சளி. ஒரு காலையில் டர்போ நத்தைகள் மூன்றும் மல்லாந்து கிடந்தன. அந்தத் தொட்டி தேற ஐந்து மாதம் ஆனது.

நைட்ரேட் 2 முதல் 10 பிபிஎம், பாஸ்பேட் 0.03 முதல் 0.1 பிபிஎம் என்ற வரம்புக்குள் நிற்கட்டும். பவளத்துக்கும் அது வேண்டும், சைக்கிளை நடத்தும் பாக்டீரியாக்களுக்கும் கொஞ்சம் பாஸ்பேட் வேண்டும். பாஸ்பேட் உண்மையிலேயே அதிகமாக இருந்தால், பாக்கெட்டில் சொன்னதில் கால்பங்கு ஜிஎஃப்ஓவில் தொடங்கி, மூன்று நாளுக்கு ஒருமுறை அளந்து கொண்டே போங்கள்.

நத்தை எப்போ விடலாம், எத்தனை விடலாம்?

அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யமான பிறகு, கண்ணுக்குப் பாசி தெரிந்த பிறகு. பாசி வருமுன்னே ஒரு படையை இறக்கினால் பட்டினியால் செத்து, அதுவே அம்மோனியாவாகும். 100 லிட்டருக்கு மூன்று, நான்கு என்று தொடங்கி, போதவில்லையென்றால் கூட்டுங்கள்.

எனக்குப் பிடித்தது ட்ரோக்கஸ். குப்புற விழுந்தால் தானே திரும்பிக்கொள்ளும். அஸ்ட்ரியா நன்றாக மேயும், ஆனால் மல்லாந்தால் நாம்தான் திருப்பிவிட வேண்டும். மணலுக்கு செரித். டர்போ முடிப் பாசியை வெளுத்து வாங்கும், ஆனால் பெரியது, ஒட்டாத பவளத்தை உருட்டிவிடும். நசாரியஸ் பாசி தின்னாது, மிஞ்சிய தீனியும் செத்ததும்தான் அதற்கு உணவு. பாசிக்காக அதை வாங்கி ஏமாந்தவர்கள் நிறையப் பேர். எதுவானாலும் உப்பளவு மாற்றத்தை நத்தைகள் தாங்காது. உங்கள் தொட்டி நீரைச் சொட்டுச் சொட்டாகச் சேர்த்துப் பழக்கி விடுங்கள்.

பச்சை முடி கல்லை முழுக்க மூடிடுச்சு. நத்தை தொடக்கூட மாட்டேங்குது.

நீளமாகிப் போன முடியை நத்தை தின்னாது, அதற்கு இளம் முளைதான் பிடிக்கும். முதல் அறுவடையை நீங்கள்தான் செய்ய வேண்டும். கையால் பிடுங்குங்கள், பிடுங்கும்போதே ஒரு குழாயால் உறிஞ்சி வெளியேற்றுங்கள். துண்டுகள் தப்பி ஓடினால் வேறு இடத்தில் முளைக்கும். எடுக்கக்கூடிய கல்லாக இருந்தால் வெளியே எடுத்து, வாளியில் உப்பு நீரில் வைத்து, பல் தேய்க்கும் பிரஷ்ஷால் அழுத்தித் தேயுங்கள். அடம்பிடிக்கும் இடத்தில் 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடைச் சில சொட்டு விட்டு, இரண்டு மூன்று நிமிடம் பொறுத்து, உப்பு நீரில் அலசித் திரும்ப வைக்கலாம். இறால் இருக்கும் தொட்டியில் இதை அளவோடு செய்யுங்கள், சில இறால்களுக்கு ஆகாது.

இறகு வடிவப் பிரயாப்சிஸ் என்றால் பிடுங்குவதும் தேய்ப்பதும் பெரும்பாலும் தோற்றுப்போகும். பூஞ்சைக்காக மனிதர்களுக்குக் கொடுக்கும் ஃப்ளூகோனசோல் மருந்து அதற்குக் கேட்கிறது. சைக்கிளிங் நடந்துகொண்டிருக்கும்போது அதைத் தொட வேண்டாம். தொட்டி நிலைத்த பிறகு, வகையை உறுதி செய்துகொண்டு, மீன் மருத்துவத்தில் அனுபவம் உள்ளவர் துணையோடு செய்யுங்கள்.

சிவப்புச் சளிக்கு ஆன்டிபயாடிக் போட்டா ஒரே நாள்ல போயிடும்னு சொல்றாங்க, போடட்டுமா?

புதுத் தொட்டியில் வேண்டாம். சயனோ பாக்டீரியா என்பதால் மருந்து அதைக் கொல்லும் என்பது உண்மை. ஆனால் அந்தத் தொட்டியில் நீங்கள் ஆறு வாரம் காத்திருந்து வளர்த்ததும் பாக்டீரியாதான். ஏற்கெனவே மெலிந்திருக்கும் கூட்டத்தின் மேல் மருந்தைக் கொட்டுவானேன்? மொத்தமாகச் செத்த சயனோ அழுகும்போது ஆக்சிஜனும் குறையும்.

குழாயால் உறிஞ்சி எடுங்கள், அந்த மூலைக்கு நீரோட்டத்தைத் திருப்புங்கள், நைட்ரேட் பூஜ்யமாக இருந்தால் கொஞ்சம் ஏற்றுங்கள். மூன்று நான்கு வாரம் இதையே விடாமல் செய்தால் பெரும்பாலும் அடங்கிவிடும்.

மூணு நாள் தொட்டியைப் போர்வை போட்டு மூடி வெச்சா எல்லாப் பாசியும் போயிடுமா?

சயனோவும் சில டைனோவும் வெகுவாகக் குறையும். முடிப் பாசிக்கு மூன்று நாள் இருட்டு ஒரு பொருட்டே இல்லை. குறைந்தவையும், அவற்றை அழைத்த காரணம் மாறவில்லையென்றால், இரண்டு வாரத்தில் திரும்பி வரும். மற்ற வேலைகளோடு சேர்த்துச் செய்தால்தான் இருட்டுக்கு மதிப்பு. மூடியிருக்கும் நாட்களில், நுரையோடு கழிவைப் பிரித்தெடுக்கும் ஸ்கிம்மரும் காற்று பம்பும் ஓடிக்கொண்டே இருக்கட்டும், செத்த பாசி ஆக்சிஜனைத் தின்னும்.

டைனோதான்னு உறுதியாயிடுச்சு. இப்போ என்ன செய்யணும்?

முதலில் பட்டினியை முடியுங்கள். ஜிஎஃப்ஓவை எடுத்துவிடுங்கள், தண்ணீர் மாற்றுவதைச் சில வாரம் நிறுத்துங்கள். நைட்ரேட்டை 5 முதல் 10 வரைக்கும் பாஸ்பேட்டை 0.1 அளவுக்கும் ஏற்றி, அங்கேயே பிடித்து வையுங்கள். இதற்கென்று கரைசல்கள் கிடைக்கின்றன. நஞ்சுக்காக ஆக்டிவேட்டட் கார்பன் போடுங்கள். தொட்டிக்குள் கைவிடும்போது கையுறை அணியுங்கள்.

அடுத்த வேலை எந்த டைனோ என்று தெரிந்துகொள்வது. 400 மடங்கு பெரிதாக்கும் சாதாரண மைக்ராஸ்கோப் போதும். எள் போல ஒரு முனை கூர்ந்து, அந்த முனையில் கட்டிப்போட்டது போல ஒரே இடத்தில் சுற்றிக்கொண்டிருந்தால் ஆஸ்ட்ரியாப்சிஸ். அது இரவில் மணலை விட்டு நீருக்குள் மிதந்து வரும், அப்போது யுவி விளக்கு வழியாக நீரை ஓட்டினால் கூட்டம் கூட்டமாக மாட்டும். பெரிய செல் ஆம்ஃபிடினியம் என்றால் அது மணலை விட்டு நகராது, யுவி வாங்கியது வீண். அதற்கு நிறையப் பேருக்குக் கைகொடுத்த வழி, தொட்டிக்கு வேண்டுமென்றே சிலிகேட் சேர்ப்பது. டயாட்டம் பெருகி டைனோவின் இடத்தைப் பிடுங்கிக்கொள்ளும். ஆரம்பத்தில் யாரை விரட்டினோமோ அவரையே திரும்ப அழைக்கிறோம். வாரக்கணக்கில் ஆகும், மாதமும் ஆகலாம்.

பச்சை மணி மாதிரி உருண்டை உருண்டையா வருதே?

குமிழ்ப் பாசி, வலோனியா. சின்னதாக இருக்கும்போதே அடிப்பிடிப்போடு கல்லிலிருந்து பெயர்த்து, குழாயால் உறிஞ்சுங்கள். உள்ளே வைத்து உடைக்காமல் இருப்பது நல்லது.

பாசி இருக்கும்போதே பவளம் வைக்கலாமா, இல்ல எல்லாம் போனப்புறமா?

எல்லாம் போகட்டும் என்று காத்திருந்தால் வெற்று இடம் வெற்றாகவே இருக்கும், பாசிக்குத்தான் அது லாபம். சைக்கிள் முடிந்து, உப்பளவு 35 பிபிடியிலும் (ஆயிரத்தில் 35 பங்கு) வெப்பம் 25, 26 டிகிரியிலும் சில வாரம் ஆடாமல் நின்று, டைனோவும் இல்லையென்றால், தாங்கும் சக்தியுள்ள மென்பவளங்களை வைக்கத் தொடங்கலாம். ஜோவாந்தஸ், காளான் பவளம் போன்றவை. முடிப் பாசி உள்ள கல்லை ஒட்டி மட்டும் வைக்காதீர்கள், முடி உரசினால் அவை விரியாது.

பவளத்தின் திசுவுக்குள் வாழ்ந்து அதற்கு உணவூட்டும் சூசாந்தெல்லே என்ற நுண்பாசியும் டைனோஃபிளஜெல்லேட் இனம்தான். மணலில் நாம் வெறுக்கும் அதே இனத்தின் உறவு இல்லாமல் வெயில் படும் ஆழமற்ற கடலில் பவளத்திட்டே இல்லை. எனக்கு இது ஒவ்வொரு முறையும் வியப்பாகவே இருக்கிறது.

எல்லார் தொட்டியிலயும் ஊதா கலர்ல கல் இருக்கே, அது எப்போ வரும்?

அது கோரலைன், சுண்ணாம்பால் தன் உடலைக் கட்டும் பாசி. எல்லோரும் விரும்பி வரவேற்கும் ஒரே பாசி. கால்சியம் 400 முதல் 450 பிபிஎம், மக்னீசியம் 1300ஐ ஒட்டி, ஆல்கலினிட்டி (காரத்தன்மை) அதற்கான அலகில் 8, 9 டிகேஎச் என்று நின்றால் போதும். ஆனால் விதை வேண்டும். உலர்ந்த கல்லில் மட்டும் தொடங்கியவர்களுக்கு அது தானாக வராது. நல்ல தொட்டியிலிருந்து ஒரு சின்ன லைவ் ராக் துண்டோ, ஓட்டில் ஊதா படிந்த ஒரு நத்தையோ வந்தால் போதும்.

விதை வந்த பிறகும் பல மாதம் பிடிக்கும். கல்லின் உச்சியில் தேடாதீர்கள். பம்பின் பின்பக்கம், கண்ணாடி மூலையின் சிலிகான் ஓரம், வெளிச்சம் நேராக விழாத இடங்களில் குண்டூசித் தலை அளவில் இளஞ்சிவப்பாக ஒரு புள்ளி தெரியும். சுரண்டும்போது அந்த இடத்தை மட்டும் விட்டுவிடுங்கள்.